கெர்னல் டிரைவரிலிருந்து பயனர் நினைவகத்தில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்களும், கொக்குவில், கோண்டாவில் பக்கம் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு வேலை செய்பவர்களும் விண்டோஸ் டிரைவர் எழுதத் தொடங்கினால், சில வாரங்களிலேயே ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும் தரவை, குறைந்த உரிமையோடு பயனர் நிலையில் ஓடும் செயலியின் நினைவகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? அவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சி மொழியும் பொயின்டரும் தெரிந்தவர்களுக்காக எழுதியது. உதாரணத்துக்கு எங்கும் ஒரே கருவியை வைத்துக்கொள்கிறேன்: கிணற்று நீரின் உவர்த்தன்மையை அளந்து கணினிக்கு அனுப்பும் அட்டை. அப்படியொன்று எதற்கு என்று குடாநாட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

கெர்னலால் எங்கு வேண்டுமானாலும் எழுத முடியும். செயலி தந்த முகவரியில் நேராக எழுதினால் என்ன?

எங்கு வேண்டுமானாலும் எழுத முடிவதுதான் சிக்கலே. செயலி தருவதை நாம் முகவரி என்கிறோம். டிரைவரின் கைக்கு வரும்போது அது வெறும் எண். அந்த எண் ஒதுக்கப்படாத இடத்தைச் சுட்டலாம். வாசிக்க மட்டும் அனுமதியுள்ள பக்கத்தை (நினைவகம் பிரிக்கப்படும் அலகு) சுட்டலாம். வன்தட்டுக்குப் போய்விட்ட பக்கத்தைச் சுட்டலாம்; அதைத் திரும்பக் கொண்டுவரும்வரை டிரைவர் காத்திருக்க வேண்டும். இந்த மூன்றிலும் கெட்டது நடந்தால் கணினி நீலத்திரையோடு நிற்கும், அவ்வளவுதான். நான்காவது வகைதான் ஆபத்து. அந்த எண் கெர்னலுக்குள்ளேயே ஓர் இடத்தைச் சுட்டலாம். செயலி தானாக அங்கே எழுதப் போனால் சிபியூ விடாது. ஆனால் இப்போது எழுதப்போவது உங்கள் டிரைவர்; அதற்கு எல்லா அனுமதியும் உண்டு. செயலியால் செய்ய முடியாததை அதற்காக நீங்கள் செய்து கொடுத்துவிடுகிறீர்கள்.

இது கற்பனை ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு 2023 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் அடைத்த ஓட்டை ஒன்றைக் காட்டுவேன். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இடும் சி.வி.இ. வரிசையில் 2023-21768 என்ற எண்ணில் பதிவானது. விண்டோஸின் வலைத் தொடர்புகளுக்கு அடியில் இருக்கும் ஏ.எஃப்.டி. டிரைவரில், பயனர் தந்த கட்டமைப்புக்குள் ஒரு பொயின்டர் இருந்தது. டிரைவர் வேலையை முடித்ததும் எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கையை அந்தப் பொயின்டர் காட்டிய இடத்தில் எழுதியது. அந்த இடம் யாருடையது என்று பார்க்கவில்லை. எழுதப்பட்டது 1 போன்ற சின்ன எண்தான். ஆனால் அதை எங்கே எழுதுவது என்று தீர்மானிப்பவர் தாக்குபவராக இருந்ததால், சாதாரணக் கணக்கில் நுழைந்தவர் சிஸ்டம் உரிமைவரை ஏறிவிட முடிந்தது. திருத்தமாக வந்தது, அழைப்பு பயனர் நிலையிலிருந்து வந்திருந்தால் முகவரியைச் சோதிக்கும் ஒரேயொரு ஃபங்ஷன் அழைப்பு.

அக்கா, எனக்குக் கெர்னல் டிரைவரே வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. அட்டை யூ.எஸ்.பி. வழியாக இணைகிறது என்றால் விண்டோஸோடு வரும் வின்-யூ.எஸ்.பி. டிரைவர் போதும், செயலியே கருவியோடு நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால், பயனர் நிலையிலேயே டிரைவர் எழுத யூ.எம்.டி.எஃப். இருக்கிறது. அங்கே பிழை வந்தால் அந்த ஒரு புரொசஸ் மட்டும் விழும், கணினி நிற்காது. பி.சி.ஐ. அட்டை, சொந்த டி.எம்.ஏ. (கருவியே நேராக நினைவகத்தைத் தொடுவது), கோப்பு முறைமை வடிகட்டி என்று வேறு வழியில்லாமல் கெர்னலுக்குள் போகிறவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

பயனர் நினைவகத்தில் எழுத மிகவும் பாதுகாப்பான வழி எது?

நீங்கள் எழுதாமல் இருப்பது. கிண்டல் இல்லை. செயலி என்ன கேட்கிறது என்று சொல்லும் உங்கள் கட்டுப்பாட்டுக் குறியீட்டை மெதட் பஃபர்ட் வகையாக அறிவித்தால், செயலிக்கும் டிரைவருக்கும் நடுவில் நிற்கும் விண்டோஸின் ஐ.ஓ. மேனேஜர் கெர்னலுக்குள் ஒரு சிஸ்டம் பஃபரை ஒதுக்கி, செயலியின் உள்ளீட்டை அதில் நகலெடுத்து உங்களிடம் தருகிறது. விடையை நீங்கள் அதே பஃபரில் எழுதுகிறீர்கள். கோரிக்கையைச் சுமந்துவரும் ஐ.ஆர்.பி. என்ற கட்டமைப்பை முடித்ததும், கேட்ட த்ரெட்டின் சூழலுக்குப் போய் அதைச் செயலியின் நினைவகத்தில் சேர்ப்பது ஐ.ஓ. மேனேஜரின் பொறுப்பு. பயனர் முகவரியை நீங்கள் தொடுவதே இல்லை. சிஸ்டம் பஃபர் பக்கமாற்றம் ஆகாத (வன்தட்டுக்குப் போகாத) நினைவகத்தில் இருப்பதால் எந்தத் த்ரெட்டிலிருந்தும், கருவியின் குறுக்கீட்டுக்குப் பின் ஓடும் டி.பி.சி.யிலிருந்தும்கூட அதில் எழுதலாம்.

உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே பஃபர்தான் என்பதை ஆரம்பத்தில் எல்லோரும் மறக்கிறார்கள். விடையின் முதல் பைட்டை எழுதும்போதே கேள்வியின் முதல் பைட் அழிகிறது. உள்ளீட்டிலிருந்து வேண்டியதை உள்ளூர் மாறிகளுக்கு எடுத்துக்கொண்ட பிறகே எழுதத் தொடங்குங்கள்.

நகலெடுப்பதால் வேகம் குறையாதா என்று உடனே கேட்பார்கள். சில நூறு பைட், சில கிலோபைட் அளவுக்கு அதைப் பற்றிக் கவலைப்படுவது வீண். கிணற்று அளவீடு நொடிக்கு ஒன்று வருகிறது. அதற்கு எதற்கு அவசரம்?

ஐ.ஆர்.பி.யின் இன்ஃபர்மேஷன் என்ற புலத்தில் என்ன எழுதுவது? செயலி கேட்ட அளவையே போட்டால் வேலை செய்கிறதே?

வேலை செய்யும், கூடவே கெர்னலின் இரகசியத்தையும் வெளியே கொடுக்கும். எத்தனை பைட்டைச் செயலிக்கு நகலெடுப்பது என்பதை ஐ.ஓ. மேனேஜர் இன்ஃபர்மேஷன் புலத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. செயலி 4,096 பைட் பஃபர் தந்து, நீங்கள் 16 பைட்டை மட்டும் எழுதி, புலத்தில் 4,096 என்று போட்டால், மிச்சம் 4,080 பைட்டும் அந்தப் பஃபரில் முன்பு கிடந்த ஏதோ பழைய தரவு. அதில் கெர்னல் முகவரிகள் இருக்கலாம், இன்னொருவரின் தரவு இருக்கலாம். நிரப்பியது எவ்வளவோ அவ்வளவே புலத்தில் வர வேண்டும்.

அளவைச் சரியாகப் போட்டாலும் கசிவு வரும் இடம் ஒன்று உண்டு. நம் அட்டையின் அளவீட்டுக்கு ஒரு கட்டமைப்பு எழுதுகிறோம் என்று வைப்போம்: கிணற்று இலக்கம் 4 பைட், நிலை 1 பைட், நேரமுத்திரை 8 பைட். கூட்டினால் 13. ஆனால் அதன் அளவைக் கம்பைலரிடம் கேட்டால் 16 என்கிறது. நேரமுத்திரை 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதற்காக, நிலைக்கும் நேரத்துக்கும் நடுவில் 3 பைட்டை அது வெறுமையாக விடுகிறது. மூன்று புலங்களையும் ஒழுங்காக நிரப்பினாலும் அந்த 3 பைட்டில் யாரும் எதையும் எழுதுவதில்லை. கட்டமைப்பு ஸ்டாக்கில் இருந்தால், அதே இடத்தில் முன்பு ஓடிய ஃபங்ஷன் விட்டுப்போன மிச்சம் அங்கே கிடக்கும். கட்டமைப்பை அப்படியே நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்து வெளியே போகிறது. விண்டோஸ் கெர்னலிலேயே இப்படிப்பட்ட கசிவுகளைக் கூகுளின் ஆய்வாளர் மத்தேயுஷ் யுர்சிக் தானியங்கிக் கருவி கொண்டு வரிசையாகக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார். மருந்து மிக எளிது: கட்டமைப்பை முதலில் முழுவதும் சுழியமாக்குங்கள், பிறகு புலங்களை நிரப்புங்கள். விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு வந்த எக்ஸ்-அலொக்கேட்-பூல்-2, நினைவகத்தைச் சுழியமாக்கியே தருகிறது. ஸ்டாக்கில் இருப்பதை நீங்கள்தான் துடைக்க வேண்டும்.

இடம் போதாதபோது திருப்பும் நிலைக்குறியிலும் கவனம் தேவை. பஃபர் ஓவர்ஃப்ளோ என்பது எச்சரிக்கை வகை. அதைத் திருப்பினால் நிரப்பிய பகுதி செயலிக்குப் போய்ச் சேரும். பஃபர் டூ ஸ்மோல் என்பது பிழை வகை. அதைத் திருப்பினால் ஒன்றும் போகாது.

மெகாபைட் கணக்கில் தரவு இருந்தால்?

அப்போது மெதட் அவுட் டைரக்ட். செயலியின் வெளியீட்டுப் பஃபருக்குரிய பௌதிகப் பக்கங்களை ஐ.ஓ. மேனேஜர் சோதித்து, நினைவகத்தில் பூட்டி, எம்.டி.எல். என்ற விவரப்பட்டியலாகத் தருகிறது. எம்எம்-கெட்-சிஸ்டம்-அட்ரஸ்-ஃபோர்-எம்.டி.எல்-சேஃப் என்று ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர்கொண்ட ஃபங்ஷனை அழைத்தால், அதே பக்கங்களுக்குக் கெர்னல் பகுதி முகவரி ஒன்று கிடைக்கும். அதில் எழுதுவது செயலியின் நினைவகத்தில் எழுதுவதேதான். பக்கங்கள் பூட்டப்பட்டிருப்பதால் அவை வன்தட்டுக்குப் போகமாட்டா. செயலி நடுவில் அந்த முகவரியை விடுவித்தாலும் உங்கள் கெர்னல் பகுதி முகவரி செல்லுபடியாகும்.

அந்த ஃபங்ஷன் நல் என்ற வெற்றுப் பொயின்டரைத் திருப்பக்கூடும். நினைவகம் நெருக்கடியில் இருக்கும் நாளில்தான் அது நடக்கும். உங்கள் மேசையில் நடக்காது. ஒவ்வொரு முறையும் பாருங்கள். இயக்க அனுமதியில்லாத மேப்பிங் வேண்டும் என்ற கொடியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இந்தப் பக்கங்களைச் செயலியும் அதே வேளையில் தொட முடியும். ஆகவே எழுதுவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். அங்கே எழுதிய ஒரு நீளத்தையோ சுட்டெண்ணையோ பின்னர் அங்கிருந்தே வாசித்துக் கணக்குப் போட்டால், நீங்கள் வாசிப்பது உங்கள் எண்ணாக இல்லாமல் போகலாம்.

மெதட் நைதர் வகையை எப்போது தொடலாம்?

இந்த வகையில் செயலி தந்த முகவரி சோதிக்கப்படாமல் அப்படியே உங்களிடம் வருகிறது. வேறொருவர் எழுதிய இடைமுகத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இருந்தால், அல்லது கட்டமைப்புக்குள்ளே இன்னொரு பொயின்டர் பொதிந்து வந்தால். இரண்டாவதைக் கவனியுங்கள். வெளிக்கட்டமைப்பு மெதட் பஃபர்ட் வழியாகப் பத்திரமாக வந்திருக்கலாம்; அதற்குள் உள்ள பொயின்டரை ஐ.ஓ. மேனேஜர் திரும்பியும் பார்ப்பதில்லை. முன்பு சொன்ன ஏ.எஃப்.டி. ஓட்டையும் அந்த வகைதான்.

இங்கே வேலையின் ஒழுங்கு இது. நீங்கள் கேட்ட த்ரெட்டின் சூழலில்தான் இருக்கிறீர்களா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பயனர் முகவரிக்கு அந்தப் புரொசஸுக்குள் மட்டுமே பொருள் உண்டு. கெர்னல் டிரைவர் எழுத மைக்ரோசொஃப்ட் தரும் கே.எம்.டி.எஃப். சட்டகத்தைப் பயன்படுத்துபவர்கள் இதை ஈ.வி.டி-ஐ.ஓ-இன்-கோலர்-கொன்டெக்ஸ்ட் என்ற கோல்பேக்கில் செய்ய வேண்டும். சாதாரண வரிசைக் கோல்பேக் எந்தத் த்ரெட்டில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு பயனர் தந்த பொயின்டரையும் நீளத்தையும் உள்ளூர் மாறிகளில் ஒரே ஒரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின், எழும் எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் ட்ரை தொகுதியைத் திறந்து, அதற்குள் முகவரியைச் சோதிக்கும் புரோப்-ஃபோர்-ரைட், அதற்குள்ளேயே நகல். எக்ஸெப்ட் பகுதியில் எக்ஸெப்ஷன் குறியீட்டை எடுத்து அதையே நிலைக்குறியாகத் திருப்புங்கள்.

கோரிக்கை எந்த நிலையிலிருந்து வந்தது என்று சொல்லும், ஐ.ஆர்.பி.யின் ரிக்வெஸ்டர் மோட் கெர்னல் நிலை என்று இருந்தால் புரோப் செய்யாதீர்கள். இன்னொரு டிரைவர் கெர்னல் முகவரி தந்து கேட்கிறது என்று பொருள். புரோப் அதை மறுத்துவிடும். ஆனால் அந்த மோடை ஐ.ஆர்.பி.யிலிருந்து மட்டுமே எடுங்கள். செயலி நிரப்பும் புலம் எதிலிருந்தும் எடுக்காதீர்கள்.

புரோப்-ஃபோர்-ரைட் உண்மையில் என்ன செய்கிறது?

முகவரியும் நீளமும் சேர்ந்த பகுதி முழுவதும் பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. முகவரி நீங்கள் கேட்ட சீரமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு அந்தப் பகுதியின் ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டு, ஒரு பைட்டை வாசித்து அதையே திரும்ப எழுதுகிறது. எழுத முடியாத பக்கம் அப்போதே அகப்படும். எதிலாவது தவறினால் மதிப்பு எதையும் திருப்பாமல் எக்ஸெப்ஷன் எழுப்புகிறது. அதனால்தான் அது ட்ரை தொகுதிக்குள் இருக்க வேண்டும்.

நீளம் சுழியம் என்றால் அது எதையுமே சோதிக்காது. மௌனமாகத் திரும்பிவிடும். இதை வைத்து ஏமாற்றுவது பழைய தந்திரம்: செயலி நீளத்தைச் சுழியம் என்று தருகிறது, புரோப் தேறிவிடுகிறது, டிரைவரோ நீளத்தைப் பார்க்காமல் 16 பைட் கட்டமைப்பை எழுதிவிடுகிறது. எழுதப்போகும் அளவு எதுவோ அந்த அளவுக்குத்தான் புரோப் செய்ய வேண்டும்.

புரோப் தேறிய பிறகும் எதற்கு ட்ரை?

புரோப் சொல்வது அந்தக் கணத்துச் செய்தி. காணி வாங்குபவர் காலையில் காணிப் பதிவகத்தில் ஏடு பார்க்கிறார். வில்லங்கம் ஒன்றும் இல்லை. மாலையில் பணத்தைக் கொடுத்து உறுதி முடிக்கிறார். மத்தியானம் அதே காணி இன்னொருவர் பெயருக்கு எழுதப்பட்டிருந்தால் காலையில் பார்த்த ஏட்டால் என்ன பயன்? செயலியின் இன்னொரு த்ரெட், வேறொரு சிபியூ கருவில் இருந்தபடி, நீங்கள் புரோப் முடித்து நகலைத் தொடங்கும் இடைவெளியில் அந்தப் பக்கத்தை விடுவிக்கலாம், அனுமதியை மாற்றலாம். ஆகவே பயனர் முகவரியைத் தொடும் ஒவ்வொரு வரியும் ட்ரைக்குள் இருக்க வேண்டும். புரோபை மட்டும் ட்ரைக்குள் வைத்து, நகலை வெளியே விட்ட நிரல்களை அடிக்கடி பார்க்கிறேன். அவை கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தவை.

அதே இடைவெளி இன்னொரு வேலையையும் செய்யும். பயனர் நினைவகத்தில் இருக்கும் பொயின்டரை வாசித்துப் புரோப் செய்கிறீர்கள்; எழுதும்போது அதே இடத்திலிருந்து இரண்டாம் முறை வாசிக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அது கெர்னல் முகவரியாக மாறியிருந்தால், எழுதுவது கெர்னலுக்குள். ட்ரை இதைப் பிடிக்காது, ஏனென்றால் அந்த எழுத்து வெற்றிகரமாக முடிந்துவிடும். 2013-இல் யுர்சிக்கும் கின்வேல் கோல்ட்விண்டும் ஒரு சிபியூ எமுலேட்டரில் விண்டோஸை ஓடவிட்டு, கெர்னல் ஒரே பயனர் முகவரியை இருமுறை வாசிக்கும் இடங்களைத் தேடியபோது டசின் கணக்கில் அகப்பட்டன. ஒரு முறை வாசி, உள்ளூரில் வை, சோதி, அதையே பயன்படுத்து. கம்பைலர் தன் வசதிக்காக இரண்டாம் முறை வாசிக்காமல் இருக்க, அந்த வாசிப்பை வொலடைல் என்று குறியுங்கள்.

ட்ரையும் எக்ஸெப்டும் இருந்தால் எந்த முகவரித் தவறும் பிடிபடும்தானே?

இல்லை. பயனர் பகுதி முகவரியில் வரும் தவறுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. கெர்னல் பகுதியில் இல்லாத முகவரி ஒன்றைத் தொட்டால், ட்ரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 50 (நீலத்திரைக் குறியீடுகள் பதினறும எண்கள்) என்ற குறியீட்டுடன் நீலத்திரைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. மைக்ரோசொஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 இலட்சம். அங்கே நடந்தது எழுதுவது அல்ல, கெர்னல் டிரைவர் ஒன்று வரிசையின் எல்லைக்கு வெளியே வாசித்தது. ஆனால் விழுந்த விதம் இதுவே.

எக்ஸெப்ட் பகுதியை எழுதிவிட்ட தைரியத்தில் நிரலின் பாதியை ட்ரைக்குள் திணிப்பவர்களும் உண்டு. அது உங்கள் சொந்தப் பிழைகளையும் விழுங்கிவிடும். பயனர் முகவரியைத் தொடும் வரிகளை மட்டும் உள்ளே வையுங்கள்.

ஸ்பின்லொக் பிடித்தபடி பயனர் பஃபரில் எழுதலாமா?

கூடவே கூடாது. ஸ்பின்லொக் என்பது காத்திருப்பவரைத் தூங்கவிடாமல் சுழலவைக்கும் பூட்டு. அதைப் பிடித்ததும் சிபியூவின் முன்னுரிமை மட்டமான ஐ.ஆர்.கியூ.எல். டிஸ்பாட்ச் நிலைக்கு ஏறிவிடும். அங்கே பக்கப்பிழையை (தொட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாத நிலையை) கையாள வழியில்லை. பக்கம் வன்தட்டில் இருந்தால் டி1 அல்லது ஏ என்ற குறியீட்டுடன் கணினி நிற்கும். இதில் மோசமானது, பக்கம் நினைவகத்தில் இருக்கும் வரை ஒன்றுமே நடக்காது. உங்கள் கணினியில் மாதக்கணக்கில் ஓடும். சின்ன ரேம் உள்ள வாடிக்கையாளரின் கணினியில் முதல் நாளே விழும்.

லொக் பிடித்து, வேண்டியதை உள்ளூர் பஃபருக்கு எடுத்து, லொக்கை விட்டு, பிறகு பயனர் பஃபருக்கு எழுதுங்கள். காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் பூட்டான மியூட்டெக்ஸைப் பிடித்தபடி எழுதுவதையும் நான் தவிர்ப்பேன். பயனர் பஃபர் வலையில் உள்ள கோப்பு ஒன்றின் மேப்பிங்காக இருக்கலாம். அந்தப் பக்கம் வந்துசேரும்வரை உங்கள் மியூட்டெக்ஸுக்காக எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதாகும்.

இதைக் கேட்டதும் சிலர், அப்படியென்றால் பின்னர் ஓடவென்று வரிசையில் போடும் வேர்க் ஐட்டத்தில் போட்டு எழுதுகிறேன் என்பார்கள். வேர்க் ஐட்டம் ஓடுவது சிஸ்டம் புரொசஸில். அங்கே அந்தப் பயனர் முகவரிக்கு வேறு பொருள், அல்லது பொருளே இல்லை. பின்னால் எழுத வேண்டியிருந்தால் மெதட் பஃபர்ட் அல்லது எம்.டி.எல். தான் வழி.

இன்னொரு புரொசஸின் நினைவகத்தில் எழுதுவது எப்படி?

இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் கணினி விளையாட்டில் ஏமாற்ற வழி தேடும் தம்பிமார். அவர்களுக்கு என்னிடம் விடை இல்லை. மற்றவர்களுக்கு: கேஇ-ஸ்டாக்-அட்டாச்-புரொசஸ் மூலம் அந்தப் புரொசஸின் முகவரி வெளிக்குள் நுழையலாம். நுழைந்தபின் மேலே சொன்ன எல்லாப் புரோபும் எல்லா ட்ரையும் அங்கேயும் பொருந்தும். எக்ஸெப்ஷன் வந்தாலும் வராவிட்டாலும் வெளியேறும் அழைப்பு நடந்தே தீர வேண்டும், எடுத்த புரொசஸ் குறிப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது தேவைப்படும் இடம் மிகக் குறைவு. செயலிக்கு நீங்களாகச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், செயலியே முன்கூட்டி ஒரு கோரிக்கையை அனுப்பிவைக்கட்டும். நீங்கள் அதை நிலுவையில் வைத்திருந்து, அளவீடு வந்ததும் நிரப்பி முடியுங்கள். செயலி இறந்தால் அந்தக் கோரிக்கையை இரத்துச் செய்யும் வழியையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தப் புரொசஸ் டாஸ்க் மேனேஜரில் கொல்ல முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

நானே எம்.டி.எல். உருவாக்கிப் பூட்டினால்?

எம்எம்-புரோப்-அண்ட்-லொக்-பேஜஸ் எக்ஸெப்ஷன் எழுப்பும், ட்ரைக்குள் வையுங்கள். மோட் என்ற இடத்தில் யூசர் மோட் என்று கொடுங்கள். கெர்னல் மோட் என்று கொடுத்தால் பயனர் எல்லையைச் சோதிக்காது. நீங்கள் அந்த நினைவகத்தில் எழுதப்போகிறீர்கள் என்றால் ஐ.ஓ-ரைட்-அக்சஸ். கருவியிலிருந்து வாசிக்கிறோமே என்று எண்ணி ஐ.ஓ-ரீட்-அக்சஸ் போடுவது வழக்கமான தடுமாற்றம். நினைவகத்தின் பக்கமிருந்து பாருங்கள். பூட்டியதைத் திறக்காமல் புரொசஸ் முடிந்தால் 76 என்ற குறியீட்டுடன் நீலத்திரை வரும்.

64 பிட் விண்டோஸில் 32 பிட் செயலி வந்தால்?

பொயின்டர் 8 பைட்டுக்குப் பதிலாக 4 பைட். கட்டமைப்பின் அளவும் புலங்களின் இடமும் மாறிவிடும். ஐ.ஓ-இஸ்-32பிட்-புரொசஸ் கொண்டு கண்டுபிடித்து, 32 பிட் வடிவத்துக்குத் தனிக் கட்டமைப்பு வைத்து நிரப்புங்கள். முதல் நாளே கட்டமைப்பில் பொயின்டர் வைக்காமல், நிலையான அளவுள்ள எண்களை மட்டும் வைத்தால் இந்தத் தலையிடி இல்லை.

காப்பி-டு-யூசர் என்று விண்டோஸிலும் வந்துவிட்டதாமே?

ஆம். மைக்ரோசொஃப்டின் புதிய டிரைவர் கிட்டில் பயனர் நினைவகத்தைத் தொடுவதற்கென்றே ஒரு ஃபங்ஷன் குடும்பம் இருக்கிறது. தொகுதியாக நகலெடுக்கக் காப்பி-டு-யூசர், ஒரே எண்ணை எழுத ரைட்-யூலோங்-டு-யூசர் போன்றவை. முகவரி பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று அவையே பார்க்கின்றன; கம்பைலர் ஒரு வாசிப்பை இரண்டாக்கும் தொல்லையும் இல்லை. புதிதாக எழுதுபவர்கள் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸில் ஓடுவதற்கும் இணைப்பு நூலகம் தருகிறார்கள். தவறினால் இவையும் எக்ஸெப்ஷன்தான் எழுப்பும், ஆகவே ட்ரை தொகுதிக்கு விடுமுறை கிடையாது.

லினக்ஸில் இதே வேலை எப்படி?

அங்கே காப்பி-டு-யூசர் நெடுங்காலமாகவே பழக்கம். எக்ஸெப்ஷன் கிடையாது, நகலெடுக்க முடியாமல் மிஞ்சிய பைட்களின் எண்ணிக்கையைத் திருப்பும். சுழியம் என்றால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. புதியவர்கள் அந்த மதிப்பை அப்படியே ரீட் ஃபங்ஷனின் விடையாகத் திருப்பிவிடுகிறார்கள். 12 பைட் போகவில்லை என்றால் செயலி 12 பைட் வந்தது என்று நினைத்துக்கொள்ளும். சுழியம் அல்லாத எதற்கும் ஈ-ஃபோல்ட் பிழையின் எதிர்மறை மதிப்பைத் திருப்புங்கள். இதுவும் பக்கத்துக்காகத் தூங்கக்கூடும் என்பதால் ஸ்பின்லொக் விதி அங்கேயும் அதேதான்.

எல்லையைச் சோதிக்காத வேகமான வடிவங்களும் உண்டு. அவற்றை அழைக்குமுன் அக்சஸ்-ஓகே சோதனையை நீங்களே செய்திருக்க வேண்டும். 2017-இல் 4.13 கெர்னலின் வெயிட்-ஐ.டி. சிஸ்டம் அழைப்பில் அந்த ஒரு சோதனை விடுபட்டுப்போனது. சாதாரணப் பயனர் கெர்னல் முகவரியைக் கொடுத்து அங்கே எழுதவைக்க முடிந்தது, சி.வி.இ. 2017-5123. ஏ.எஃப்.டி. ஓட்டைக்கும் இதற்கும் இடையில் ஐந்தாண்டுக்கும் மேல், இரண்டு வேறு இயங்குதளங்கள். ஆனால் பிழை ஒன்றுதான்.

லினக்ஸில் ஒரு நன்மை, கெர்னல் பயனர் நினைவகத்தைத் தொடுவதைத் தடுக்கும் எஸ்-மேப் வசதியுள்ள சிபியூவில் பயனர் முகவரியை நேராகத் தொட்டால் அங்கேயே அடிபடும்; காப்பி-டு-யூசர் மட்டும் அந்தத் தடையைச் சற்றுத் தூக்கித் திரும்ப இறக்குகிறது. நேராகத் தொடும் தவறு மேசையிலேயே தெரிந்துவிடும். விண்டோஸில் அதே தவறு அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கும்.

எங்கே, எப்படிச் சோதிப்பது?

நீங்கள் தினமும் பயன்படுத்தும் மடிக்கணினியில் வேண்டாம். மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, ஸ்னாப்ஷொட் எடுத்து, சோதனைக் கையொப்பத்தை இயக்கி, வின்டிபிஜி என்ற பிழைதேடும் கருவியை வலை வழியாக இணையுங்கள். மின்வெட்டுக் காலத்தில் பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, யூ.பி.எஸ். இல்லாத மேசைக்கணினியில் ஸ்னாப்ஷொட் எடுக்கும் நடுவில் மின்சாரம் போனால், மெய்நிகர் வட்டு முழுவதும் கெடலாம்.

டிரைவரின் தவறுகளைப் பிடிக்க விண்டோஸோடு வரும் டிரைவர் வெரிஃபையரை உங்கள் டிரைவருக்கு மட்டும் இயக்குங்கள். ஐ.ஆர்.கியூ.எல். சோதனையைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்பாட்ச் நிலைக்கு ஏறும்போது அது பக்கமாற்றம் ஆகும் கெர்னல் நினைவகத்தைச் செல்லாததாக்கிவிடும். அந்த வகைத் தவறு மேசையிலேயே விழும்.

பிறகு ஒரு பொல்லாத செயலி எழுதுங்கள். கெர்னல் முகவரியைத் தரட்டும். சுழிய நீளம் தரட்டும். ஒற்றைப்படை முகவரி தரட்டும். வாசிக்க மட்டும் முடிந்த பக்கத்தைத் தரட்டும். அடுத்தடுத்து இரண்டு பக்கங்களை ஒதுக்கி, இரண்டாவதை அணுக முடியாததாக்கி, முதல் பக்கத்தின் கடைசி 8 பைட்டில் தொடங்கும் 16 பைட் பஃபரைத் தரட்டும். கடைசியாக, ஒரு த்ரெட் கோரிக்கைகளை ஓயாமல் அனுப்ப, இன்னொரு த்ரெட் அதே பக்கத்தின் அனுமதியை மாற்றி மாற்றி வைக்கட்டும். அதை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். செயலிக்கு ஒவ்வொரு முறையும் வெற்றி அல்லது பிழைக்குறியீடு இரண்டில் ஒன்று திரும்பி வர வேண்டும். கணினி நின்றிருந்தால், விழுந்த கணத்தின் நினைவகத்தைச் சேமித்த டம்ப் கோப்பைத் திறந்து, எந்த வரி ட்ரைக்கு வெளியே இருக்கிறது என்று தேடுங்கள்.